வெள்ளைத் தாளில் ஒரு கரும்புள்ளி

நாள்தோறும் காலையில் கதிரவன் எதிர்வீட்டு வேப்பமரத்தைத் தாண்டி மேலெழும்பியதும், நாம் முற்றத்தில் ஒரு முக்காலியை நிறுத்துகிறோம். அதன்மேல் 60 மில்லிமீட்டர் வில்லை கொண்ட ஒரு சிறு தொலைநோக்கி. கண் வைத்துப் பார்க்க வேண்டிய இடத்தில் நாம் கண்ணை வைப்பதில்லை. அவ்விடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, அட்டையில் ஒட்டிய வெள்ளைத் தாளைப் பொருத்துகிறோம். தாளில் 15 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டம் ஒன்று முன்னரே வரையப்பட்டிருக்கும். கதிரவனின் உருவம் அந்த வட்டத்துக்குள் வந்து நிறைந்து நிற்கும்போது, அதில் தென்படும் கரும்புள்ளிகளை அவை இருக்கும் இடத்திலேயே பென்சிலால் குறிக்கிறோம். நாள், மணி, வானத்தின் தெளிவு ஆகியவற்றை ஓரத்தில் எழுதுகிறோம். மொத்தத்தில் கால் மணி நேர வேலை. தாள் குறிப்பேட்டில் சேர்ந்துவிடும். முக்காலி வீட்டுக்குள் போய்விடும்.

பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "சார், இன்னைக்கு சூரியன் சௌக்கியமா இருக்காரா?" என்று கேட்பார். "மூணு இடத்துல புள்ளி இருக்கு, நல்லாத்தான் இருக்கார்" என்று விடை சொல்வோம். அவர் சிரித்துக்கொண்டே போவார். 1990ஆம் ஆண்டு தொடங்கிய பழக்கம் இது. பள்ளியில் இயற்பியல் கற்பித்த காலத்திலும், ஓய்வு பெற்ற பின்பும், மழைநாளும் காய்ச்சல் நாளும் நீங்கலாக, தொடர்ந்து வருகிறது. இதனால் அறிவியலுக்குப் பெரும் பயன் விளைந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். உலகெங்கும் பெரிய கருவிகளும் விண்ணில் செயற்கைக்கோள்களும் இதே வேலையை நம்மைவிட நூறு மடங்கு திறமையாகச் செய்கின்றன. ஆயினும் நாம் இதைச் செய்வதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லும் முன் கரும்புள்ளிகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

கரும்புள்ளி என்று பெயரே தவிர, அது கருப்பு அன்று. கதிரவனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 பாகை செல்சியஸ் வெப்பமுடையது. வலிமையான காந்தப்புலம் உள்ளிருந்து எழும் வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும் இடங்களில், அது 4,000 பாகை அளவுக்குக் குறைந்துவிடுகிறது. சுற்றியுள்ள பேரொளியின் நடுவே அந்தக் குறைந்த ஒளி நம் கண்ணுக்குக் கருமையாகத் தோன்றுகிறது. அப்புள்ளியைத் தனியே பெயர்த்தெடுத்து இரவு வானில் வைக்கக் கூடுமாயின், அது முழுநிலவைவிடப் பன்மடங்கு ஒளிரும். இருள் என்று நாம் எண்ணுவது பல நேரங்களில் ஒப்பீட்டினால் வந்த இருள்தான்.

தொலைநோக்கியால் இப்புள்ளிகளை முதன்முதலாகக் கண்டவர்களுள் ஒருவர் இயேசு சபைக் குரு. செருமனியின் இங்கொல்ஸ்டாட் நகரில் கணிதம் கற்பித்த கிறிஸ்டோப் ஷைனர் அடிகளார், 1611ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தம் மாணவர் சீசாட் என்பவருடன் தேவாலயக் கோபுரத்தில் ஏறி, மெல்லிய மூடுபனியின் ஊடாகக் கதிரவனை நோக்கியபோது புள்ளிகளைக் கண்டார். வானகப் பொருள்கள் மாசற்றவை என்று அறிஞர் உலகம் உறுதியாக நம்பிய காலம் அது. சபைக்கு இழுக்கு நேருமோ என்று மேலாளர்கள் அஞ்சியதால், 1612இல் அவருடைய மடல்கள் அப்பெல்லெஸ் என்னும் புனைபெயரில் வெளிவந்தன. கதிரவனில் மாசு இராது என்று அவரும் எண்ணியமையால், அவை கதிரவனைச் சுற்றும் சிறு கோள்களின் நிழலுருக்கள் என்று முதலில் விளக்கம் தந்தார். கலிலேயோ அதை மறுத்தார். புள்ளிகள் கதிரவனின் பரப்பிலேயே இருக்கின்றன என்றார். யார் முதலில் கண்டது என்னும் பூசலில் இருவரும் பகைவராயினர். அப்பகை இருவருக்குமே பெருமை சேர்க்கவில்லை.

ஆனால் ஷைனர் பார்ப்பதை விட்டுவிடவில்லை. கதிரவனின் உருவத்தைத் தாளில் விழச்செய்யும் கருவியை அமைத்து, ஆண்டுக்கணக்காக நாள்தோறும் வரைந்தார். 1630இல் அச்சு முற்றுப்பெற்ற 'ரோசா உர்சினா' என்னும் பெருநூலில், புள்ளிகள் கதிரவனின் மேலேயே உள்ளன என்று ஒப்புக்கொண்டார். கதிரவனின் அச்சு ஏறத்தாழ ஏழு பாகை சாய்ந்திருப்பதையும் கணித்துக் காட்டினார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் தாம் எழுதியது பிழை என்பதை அவருக்கு உணர்த்தியது எதிராளியின் வாதம் மட்டுமன்று. தம் கையாலேயே வரைந்த ஆயிரக்கணக்கான புள்ளிகளும்தாம். இதே ஷைனர் 1619இல் கண்ணைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார் என்பது நமக்குப் பின்னாளில்தான் தெரிய வந்தது. விலங்கின் விழியின் பின்புறத் தோலை நீக்கி, விழித்திரையில் வெளியுலகின் உருவம் விழுவதைக் கண்டு காட்டியவர் அவர். கதிரவனின் புள்ளியையும் கண்ணின் திரையையும் ஒருவரே ஆராய்ந்தார் என்று படித்த அன்று, நாம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தோம். ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

இப்புள்ளிகளுக்கு ஒரு கால ஒழுங்கு உண்டு என்பதைக் கண்டவர் டெசாவு நகரில் மருந்துக்கடை நடத்திய ஹைன்ரிஷ் ஷ்வாபே. 1826 முதல் நாள்தோறும் புள்ளிகளை எண்ணிவந்தார். அவர் தேடியது வேறொன்று: கதிரவனுக்கு மிக அருகே சுற்றும் புதிய கோள் ஒன்றை. அது கிடைக்கவில்லை, அப்படி ஒன்று இல்லவும் இல்லை. ஆனால் பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 1843இல், புள்ளிகள் பெருகுவதும் குறைவதும் ஏறத்தாழ பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்கின்றன என்று எழுதினார். இன்று அதைப் பதினோராண்டுச் சுழற்சி என்கிறோம். நம் குறிப்பேடுகளிலும் அச்சுழற்சியைக் காணலாம். 2001இல் தாள் முழுவதும் புள்ளிக் கூட்டங்கள்; 2008, 2009ஆம் ஆண்டுகளில் வாரக்கணக்கில் வெறும் வட்டம். வெறும் வட்டத்துக்கும் நாள் குறித்து, "புள்ளி இல்லை" என்று எழுதிச் சேர்க்க வேண்டும். இளமையில் அது வீண் வேலையாகத் தோன்றியது. இல்லை என்பதும் ஒரு செய்தி என்று பின்னரே விளங்கியது. 1645 முதல் 1715 வரை எழுபது ஆண்டுகள் கதிரவனில் புள்ளிகள் மிக அரிதாயிருந்தன என்பதை நாம் இன்று அறிவது, ஒன்றும் காணாத நாள்களிலும் பொறுமையோடு பார்த்தவர்கள் இருந்தமையால் அன்றோ!

நம் தமிழ் மண்ணிலேயே இத்தகைய பொறுமையின் கருவூலம் ஒன்று இருக்கிறது. கொடைக்கானல் மலைமேல் 2,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்த சூரிய ஆய்வுக்கூடம் 1899இல் தொடங்கப்பெற்றது. அது தோன்றியதற்குப் பஞ்சமும் ஒரு காரணம். பருவமழை பொய்த்து மக்கள் மடிந்த 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கதிரவனின் மாற்றங்களுக்கும் மழைக்கும் உள்ள உறவை அறிந்தால் வறட்சியை முன்னறியலாம் என்று ஆட்சியாளர்களும் அறிஞர்களும் நம்பினர். அந்த நம்பிக்கை அவர்கள் எண்ணியவாறு நிறைவேறவில்லை. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அங்கே எடுக்கப்பட்ட கதிரவனின் ஒளிப்படத் தட்டுகள், உலகிலேயே நெடிய தொடர் பதிவுகளுள் ஒன்றாக இன்று மதிக்கப்படுகின்றன. 1909 சனவரியில் ஜான் எவர்ஷெட் என்பவர் அங்கேதான், கரும்புள்ளியின் ஓரப் பகுதியில் வாயு நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். உலக வானியல் நூல்களில் அது இன்றும் எவர்ஷெட் விளைவு என்றே வழங்குகிறது.

மாணவரை அழைத்துக்கொண்டு ஒருமுறை அங்கே சென்றோம். நிலத்துக்கடியில் 60 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்தின் வழியாகக் கதிரொளியைச் செலுத்தி, 34 சென்டிமீட்டர் அகலமுள்ள உருவமாக விழச்செய்கிறார்கள் என்று விளக்கினார்கள். "சார், இவங்க ஒரு நாளும் சூரியன நேரா பாக்குறதே இல்லையா?" என்று ஒரு சிறுவன் கேட்டான். ஆம், சூரியனை ஆராய்பவர் எவரும் சூரியனை நேராகப் பார்ப்பதில்லை. கண்ணாடியில், தாளில், தட்டில், திரையில் விழும் உருவத்தைத்தான் பார்க்கிறார்கள். அச்சிறுவனுக்கு விடை சொல்லும்போது நம் குரல் சற்றுத் தடுமாறியது. உடன் வந்த ஆசிரியர்கள் அதை மலைக்குளிர் என்று எண்ணியிருக்கக் கூடும்.

கதிரவனின் புள்ளி எங்கோ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதனால் நமக்கு என்ன என்று கேட்கலாம். 1859ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் காலையில், இங்கிலாந்தில் ரிச்சர்டு காரிங்டன் என்பவர் நாம் செய்வதைப் போலவே கதிரவனின் உருவத்தைத் திரையில் விழச்செய்து புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். ஒரு பெரும் புள்ளிக் கூட்டத்தின் மேல் திடீரென இரண்டு வெண்ணொளித் திட்டுகள் தோன்றின. சாட்சிக்கு ஒருவரை அழைக்க ஓடி, ஒரு நிமிடத்தில் திரும்பினார். அதற்குள் அவை மங்கத் தொடங்கியிருந்தன. ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. பதினேழரை மணி நேரம் கழித்து, பூமியெங்கும் காந்த ஊசிகள் தடுமாறின. தந்திக் கம்பிகளில் தானாக மின்னோட்டம் பாய்ந்தது. சில நிலையங்களில் தீப்பொறி பறந்தது. வடதுருவத்தின் வானொளி வெப்ப நாடுகளின் அருகிலும் தெரிந்தது. பம்பாயின் கொலாபா ஆய்வுக்கூடத்தில் காந்த அளவி அன்று பதிவு செய்த வீழ்ச்சியை அறிஞர்கள் இன்றும் எடுத்தாள்கின்றனர். நம் நாட்டில் எவரோ ஒரு பணியாளர் அந்நேரம் கண் அயராமல் அளவைப் படித்து எழுதியிருக்கிறார்.

கதிரவனிலிருந்து ஒளி நம்மை அடைய எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகிறது. ஆனால் புள்ளிகளின் மேல் முறுக்கேறிய காந்தப்புலம் அறுந்து இணையும்போது வீசியெறியப்படும் மின்னூட்டம் பெற்ற வாயுத்திரள், ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை பயணம் செய்து வருகிறது. இதன் விளைவுகளையே விண்வெளி வானிலை என்கிறோம். 1989 மார்ச்சு 13ஆம் நாள், கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மின்வழங்கல் முழுவதும் ஒன்றரை நிமிடத்தில் சரிந்து, 60 இலட்சம் மக்கள் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் இருளில் இருந்தனர். அச்செய்தியைப் படித்த பின்னரே நாம் இத்தொலைநோக்கியைப் பழைய விலைக்கு வாங்கினோம்.

நம்மவர்க்கு இதில் இன்னொரு தொடர்பும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. அதனால் துருவ ஒளி நமக்குத் தெரிவதில்லை. மாறாக, தலைக்கு மேல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் பகல்தோறும் ஒரு மின்னாறு கிழக்கு நோக்கி ஓடுகிறது. திருநெல்வேலியில் உள்ள புவிக்காந்த ஆய்வுக்கூடம் இத்தகையவற்றை அளந்து வருகிறது. அந்த மின்னாற்றை ஆராய ஏற்ற இடம் என்பதாலேயே, திருவனந்தபுரம் அருகே தும்பா என்னும் மீனவர் ஊர் ஏவுகணைத் தளத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கே புனித மகதலா மரியா ஆலயம் இருந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா இறைமக்களிடம் கேட்டு, அவர்கள் இசைவுடன் ஆலயத்தையும் நிலத்தையும் அறிவியலுக்கு ஈந்தார். 1963 நவம்பர் 21ஆம் நாள் முதல் ஏவுகணை அங்கிருந்து எழுந்தது. ஆலயம் முதலில் அலுவலகமாயிற்று. பின்னர் விண்வெளி அருங்காட்சியகமாயிற்று. தம் திருமுழுக்கும் திருமணமும் நடந்த இடத்தை விட்டுக்கொடுத்த அந்த மீனவக் குடும்பங்களை நினைக்கும்போதெல்லாம், கொடுத்தவர்களின் பெயர்கள் எத்துணை எளிதாக மறைந்துவிடுகின்றன என்று தோன்றுகிறது.

இவ்வளவும் அறிவு சார்ந்த செய்திகள். ஆனால் நாம் நாள்தோறும் முக்காலியை நிறுத்துவது அறிவு வேட்கையால் மட்டுமன்று.

1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. அன்று பிற்பகலில் கருநாடகம், ஆந்திரம், ஒரிசா வழியாக முழுச் சூரிய கிரகணம் சென்றது. திண்டுக்கல்லை அடுத்த நம் ஊரில் முழுமையாக அன்று. ஆயினும் கதிரவனின் பெரும்பகுதி மறைந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. அப்பத்தா வெண்கலத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, உலக்கையை நடுவில் நிறுத்தி வைத்துவிட்டு, "வெளிய போகாதீங்கடா" என்று எங்களை அறைக்குள் இருத்தினார். நாம் அப்போது மேல்நிலைப் பள்ளி மாணவர், பதினேழு வயது. கிரகணம் எப்படி உண்டாகிறது என்று படம் வரைந்து விளக்கத் தெரியும். பத்து வயதுத் தம்பிக்கு அதை விளக்கினோம். உலக்கையைக் காட்டிச் சிரித்தோம். அப்பத்தா உண்ட களைப்பில் கண்ணயர்ந்தார். சன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை மண்ணெண்ணெய் விளக்கின் சுடரில் காட்டி, கரி பிடிக்கச் செய்து, தம்பியின் கையில் கொடுத்தோம். "இது வழியா பாத்தா ஒண்ணும் ஆகாது" என்றோம்.

நாம் சிறிது நேரம் பார்த்தோம். தாய் வரும் அரவம் கேட்டு உள்ளே வந்துவிட்டோம். தம்பி கொல்லைப்புறத்தில் கிணற்று மேடையில் அமர்ந்து, பிறை வடிவம் மாறுவதை நெடுநேரம் பார்த்தான்.

கரி பிடித்த கண்ணாடி கூச்சத்தைக் குறைக்கிறது. கேட்டைக் குறைப்பதில்லை என்பது நமக்கு அன்று தெரியாது. கூச்சம் குறைவதால் கண்ணின் பாவை விரிகிறது; நெடுநேரம் பார்க்க முடிகிறது; கதிரவனின் கதிர்கள் விழித்திரையின் நடுப்புள்ளியில் குவிந்து அதைச் சிதைக்கின்றன. விழித்திரைக்கு வலி உணரும் நரம்பு இல்லை. சுடும்போது சுடுவதாகத் தெரியாது. எக்ஸ்ரே படமும், கருப்புக் கண்ணாடியும், சாணம் கரைத்த நீரும்கூடப் பாதுகாப்பானவை அல்ல. கிரகணம் பார்க்க என்றே செய்யப்பட்ட தரச்சான்றுள்ள வடிகட்டி வேண்டும்; இல்லையேல் நாம் செய்வதைப் போல உருவத்தைத் தாளில் விழச்செய்து பார்க்க வேண்டும். இதை வாசிக்கும் பெற்றோர் இவ்வொரு செய்தியை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

திங்கட்கிழமை வகுப்பில் கரும்பலகையின் எழுத்துகள் தம்பிக்குத் தெரியவில்லை. பார்க்கும் எழுத்து மட்டும் மறைகிறது, சுற்றியுள்ளவை தெரிகின்றன என்றான். தந்தையார் மதுரைக்குப் பேருந்தில் அழைத்துச் சென்றார். சூரியன் சுட்ட வடு என்றார் மருத்துவர். மருந்து இல்லை, சில மாதங்களில் தானே தெளியலாம் என்றார். இடக்கண் ஓரளவு தெளிந்தது. வலக்கண்ணின் நடுவில் ஒரு கரும்புள்ளி நிலைத்துவிட்டது. அவன் பார்க்கும் முகம் எதுவோ, அதன் மேலேயே அப்புள்ளி நின்றது.

"யார்டா பாக்கச் சொன்னது?" என்று தந்தையார் கேட்டபோது, தம்பி நம்மைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "நானாத்தான் பாத்தேன். ஓட்டு இடுக்கு வழியா பாத்தேன்" என்றான். நாம் வாய் திறக்கவில்லை. அப்பத்தா மார்பில் அடித்துக்கொண்டு, "நான் தூங்கிட்டேனே, பாவி தூங்கிட்டேனே" என்று அழுதார். அப்போதும் நாம் வாய் திறக்கவில்லை. 1986இல் அவர் இறக்கும்வரை, தாம் கண்ணயர்ந்ததால்தான் பேரனின் கண் போயிற்று என்றே நம்பினார். கிரகணத்தின் மேல் அவர் கொண்ட அச்சத்தை மூடநம்பிக்கை என்று எள்ளினோமே, அந்த அச்சம் தம்பியைக் காத்திருக்கும். நம் அரைகுறை அறிவு காக்கவில்லை. காரணம் தவறாயிருந்தும் அவர் சொன்ன சொல் சரியாயிருந்தது. காரணம் சரியாயிருந்தும் நாம் செய்த செயல் தவறாயிற்று.

தம்பி படிப்பைப் பாதியில் விட்டான். பேருந்து ஓட்டுநராக வேண்டும் என்பது அவன் ஆசை; கண் பரிசோதனையில் அது முடிந்துபோயிற்று. கடைவீதியில் சைக்கிள் கடை வைத்தான். சக்கரத்தைச் சுழலவிட்டு, விரலை ஓரத்தில் வைத்து, உரசும் ஓசையைக் கேட்டே கோட்டம் எடுப்பான். சுற்றுவட்டாரத்தில் அவனைப் போல் கோட்டம் எடுப்பவர் இல்லை என்பார்கள். அதைப் பாராட்டாகக் கேட்கும் உரிமை நமக்கு இல்லை என்று எண்ணிக்கொள்வோம். கிரகண நாளைப் பற்றி அவன் நம்மிடம் ஒரு சொல்லும் பேசியதில்லை.

2019 டிசம்பர் 26ஆம் நாள் கங்கணக் கிரகணம் திண்டுக்கல் வழியாகச் சென்றது. தெருப் பிள்ளைகளை எல்லாம் கூட்டி, தாளில் விழுந்த ஒளிவளையத்தைக் காட்டினோம். தம்பியை அழைக்கத் துணிவு வரவில்லை. அவனோ தானாக வந்தான். கதிரவனுக்கு முதுகு காட்டி வேப்பமரத்தின் அடியில் நின்றான். இலைகளின் இடுக்கு வழியே விழுந்த ஒளிப்பொட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு வளையமாக, நூற்றுக்கணக்கான வளையங்கள் மண்ணில் கிடந்தன. "பிள்ளைகளா, இங்க வாங்க. தரையப் பாருங்க" என்று அவன்தான் முதலில் கூவினான். இத்தனை ஆண்டு பார்த்த நமக்கு அது தோன்றவில்லை.

2024 மே மாதத்தின் இரண்டாம் வாரம். அந்த ஆண்டுகளில் கதிரவன் சுழற்சியின் உச்சத்தை நெருங்கியிருந்தது. நம் தாளில் ஒரு புள்ளிக் கூட்டம் நாளுக்கு நாள் பரந்து, முன்பு நாம் வரைந்த எதனினும் பெரிதாக வளர்ந்தது. பூமியைப் போன்ற பத்துக்கும் மேற்பட்ட உருண்டைகளை வரிசையாக வைக்கக்கூடிய அகலம். மே 10ஆம் நாள் காலை நாம் வரைந்துகொண்டிருந்தபோது, தம்பி அம்மாவைப் பார்க்க வந்தான். அம்மாவுக்கு 81 வயது. திண்ணையில் அமர்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். "இது எவ்வளவு பெருசுண்ணே?" என்று கேட்டு, முதன்முறையாகத் தம்பி தாளின் அருகில் குனிந்தான். இடக்கண்ணும் இப்போது புரை விழுந்து மங்கிவிட்டது அவனுக்கு. சற்று நேரம் பார்த்தான்.

"நேரா பாத்தா தெரியலண்ணே. கொஞ்சம் தள்ளிப் பாத்தா தெரியுது" என்றான்.

இரவில் மங்கிய விண்மீன்களைத் தேடும் வானியலார் செய்வதும் அதுதான். சற்று விலகிப் பார்ப்பார்கள். அதை அவனுக்கு விளக்க வாயெடுத்தோம். வந்தது வேறு சொற்கள். அன்று கண்ணாடியைக் கொடுத்தது நாம் என்பதை, நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், அம்மா கேட்கும்படி சொன்னோம். சொல்லி முடிக்கும்போது கதிரவனின் உருவம் வட்டத்தை விட்டு நகர்ந்து தாளின் ஓரத்துக்குப் போய்விட்டிருந்தது.

அம்மா செபமாலையை நிறுத்தவில்லை. அந்த மணியை முடித்துவிட்டுச் சொன்னார்: "தெரியும். அன்னிக்கு உன் சட்டையெல்லாம் கரி. துவைச்சது நான்தானே."

"அப்பவே கேட்டிருக்கலாமே அம்மா?" என்றோம்.

"சின்னவன் உன்னைக் காட்டிக்கொடுக்கலையே. அவன் பொத்தி வைச்சத நான் எப்படிடா அவுக்கிறது? நீயே வருவேன்னு இருந்தேன். ரொம்ப நாளாக்கிட்ட."

தம்பி ஒன்றும் பேசவில்லை. தொலைநோக்கியைத் தொட்டுப் பார்த்து, "முக்காலி ஆடுது. திருகாணி தேஞ்சுபோச்சு. சாயந்தரம் கடைக்குக் கொண்டா, மாத்தித் தாரேன்" என்றான்.

அப்பத்தாவுக்கும் தெரிந்திருந்ததா என்று அம்மாவிடம் கேட்க நாவெழவில்லை. தெரியாது என்று அவர் சொல்லிவிட்டால், அந்தக் கடனைத் தீர்க்க இனி வழி இல்லை. இன்றுவரை கேட்கவில்லை. சில பிழைகளை ஒப்புக்கொள்ளக் காலம் இடம் தருகிறது, சிலவற்றுக்குத் தருவதில்லை. கல்லறைத் திருநாளில் அவர் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றும்போது சொல்லிவிட்டு வந்தோம். கேட்டிருப்பார் என்று நம்புகிறோம்.

அன்றிரவு, அப்புள்ளியிலிருந்து புறப்பட்டு வந்த வாயுத்திரள்கள் பூமியின் காந்தப்புலத்தை மோதின. இருபது ஆண்டுகளில் காணாத பெரும் புயல் அது. உலகின் பல நாடுகளில் துருவ ஒளியைக் கண்டு மக்கள் வீதிக்கு வந்தனர். நம் நாட்டில் இலடாக்கின் ஹான்லே ஆய்வுக்கூடத்தின் மேல் வானம் செந்நிறமாயிற்று. 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஏவப்பட்டு, 2024 சனவரி 6ஆம் நாள் 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் தன் இடத்தை அடைந்த நம் ஆதித்யா எல்-1 கலமும் அப்புயலைப் பதிவு செய்தது. அக்கலத் திட்டத்தின் இயக்குநராய் இருந்தவர் செங்கோட்டையில் பிறந்த தமிழ்ப் பெண்மணி நிகார் ஷாஜி. நம் ஊர் வானத்திலோ ஒன்றும் தெரியவில்லை. வழக்கமான விண்மீன்களே இருந்தன. ஆயினும் நாங்கள் மூவரும் நள்ளிரவு கடந்தும் திண்ணையில் அமர்ந்திருந்தோம். தலைக்கு மேல் எங்கோ பெரும் புயல் வீசிக்கொண்டிருந்தது. கீழே காற்றுகூட இல்லை.

அடுத்த சில நாள்களில் அப்புள்ளி கதிரவனின் விளிம்பைக் கடந்து மறைந்தது. பூமியிலிருந்து பார்க்கக் கதிரவன் ஒருமுறை சுழல ஏறத்தாழ 27 நாள் ஆகும். இரு வாரத்துக்குப் பின், சிதைந்தும் அளவு குறைந்தும், அதே பகுதி மறுவிளிம்பில் தலைகாட்டியது. புள்ளிகள் நிலைத்திருப்பவை அல்ல. சில நாள்களில் கரைவன சில. சில மாதங்கள் நீடிப்பன சில. கண்ணில் விழுந்த புள்ளிதான் கரையவில்லை.

இப்போது காலையில் முக்காலியை நிறுத்தும்போது, சில நாள்களில் தம்பியும் வந்துவிடுகிறான். புதிய திருகாணி உறுதியாக நிற்கிறது. அவன் தாளுக்குச் சற்று விலக்கிப் பார்வையைச் செலுத்தி, "இந்தப் பக்கம் ஒண்ணு இருக்குண்ணே, நீங்க விட்டுட்டீங்க" என்று சொல்வதும் உண்டு. உற்றுப் பார்த்தால், ஆம், விளிம்பை ஒட்டி ஒரு சிறு புள்ளி. அதையும் குறித்து, எண்ணில் சேர்த்துக்கொள்கிறோம்.